காசிம் பாய்க்குப் பயந்த வண்டி

கடவுள் ஆளுக்கு இவ்வளவு என்று புத்தியை அளந்து கொடுத்த நாளில், ஓடைக்கரைப்பட்டி ஜெயமாருதி பேண்டு செட்டார் நால்வரும் வரிசையில் நிற்கத்தான் செய்தார்கள். முன்னால் நின்ற யாரோ ஒருவர், "கொஞ்சம் பின்னாடி போங்கப்பா" என்றார். சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். பின்னாடி போக ஆரம்பித்தார்கள். இன்னும் நின்றதாகத் தகவல் இல்லை.

செட்டின் தலைவன் மாசிலாமணி. டிரம்பட் அவனுடையது. கிளாரினெட் ஊதுகிற ஞானமுத்து வயதில் மூத்தவர். பேரிலேயே ஞானம் இருக்கிறது என்பதால் வேறெங்கும் வைத்துக்கொள்ளவில்லை. பெரிய டிரம் கொண்டல்சாமியின் வயிற்றோடு சேர்ந்தே பிறந்தது போல இருக்கும். ஜால்ரா தவசி நாற்பத்தைந்து வயதுக்காரன். யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வான், எழுதியதை எழுதியபடியே செய்வான். அந்த ஒரு நல்ல குணத்தால் செட்டுக்கு நேர்ந்த கெடுதல்களை எழுத இன்னொரு நோட்டு வேண்டும்.

இவர்களுக்கு ஒரு வண்டி இருந்தது. செட்டை ஆரம்பித்த மாசிலாமணியின் அப்பா, ஊரெல்லாம் 'ஐயா' என்று கூப்பிட்ட பெரிய மனுஷர், வாங்கிப்போட்டுவிட்டுக் கண்ணை மூடிய பழைய பெட்ரோல் வேன். கார்பரேட்டர் காலத்துச் சரக்கு. அதற்கு இரண்டு வியாதி. மேடு ஏறினால் இஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து ஆணி அடிப்பது போல 'டிக் டிக் டிக்' என்று தட்டும். ஏழெட்டு மைல் போனால் சோற்று உலை மாதிரி கொதித்து ஆவி விடும். அப்புறம் தள்ள வேண்டியதுதான்.

தள்ளித் தள்ளியே மாசிலாமணியின் குடும்பம் ரோட்டுக்கு வந்தது. போன பங்குனி உத்திரத்துக்குக் கோயிலுக்குப் போனபோது, அவன் மனைவி பூங்காவனம் பட்டுப்புடவையோடு இரண்டு மைல் அந்த வண்டியைத் தள்ளினாள். நால்வரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று அவள் கேட்டதற்கு, "நாங்களும் இறங்கிட்டா, வழி சொல்ல வண்டிக்குள்ள யார் இருப்பா?" என்று மாசிலாமணி பொறுமையாக விளக்கினான். மறுநாள் காலை அவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போனவள் மூன்று மாதம் வரவில்லை. மாசிலாமணிக்கு அவள் மேல் உயிர். தனியாகச் சோறு வடிக்கும்போது கஞ்சியைத் தட்டில் ஊற்றிக்கொண்டு சோற்றைக் கீழே கொட்டிவிட்டு, அதையும் அவள் பிரிவுக்கே கணக்கெழுதி அழுதான். போய்க் கூப்பிட்டான். அவள் வாசலில் நின்றபடியே ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை என் தம்பிக்குக் கல்யாணம். தாலி ஏறுறதுக்குள்ள, ஒருத்தரும் தள்ளாம, அந்த வண்டி தானா ஓடிவந்து எங்க பந்தல்ல நிக்கணும். நின்னுச்சுன்னா அன்னைக்கே அதே வண்டியில ஏறி உக்காந்து வீட்டுக்கு வர்றேன். தள்ளிக்கிட்டு வந்தீங்க, அப்படியே திருப்பித் தள்ளிக்கிட்டுப் போயிருங்க. அந்த வண்டியோடயே குடும்பம் நடத்துங்க."

தவசி நோட்டை எடுத்து ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டான்.

அங்கிருந்து நேராகக் காசிம் பாய் பட்டறைக்குப் போனார்கள். பாய் கைராசிக்காரர். இரண்டு வருஷமாக இந்த வண்டி ஒன்றுக்கு மட்டும் அவர் கை ராசி வேலை செய்யவில்லை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பாயிண்ட் பார்த்தார். ஃபேன் பெல்ட் மாற்றினார். ரேடியேட்டரைக் குடைந்து சுத்தம் செய்தார். ஞானமுத்து சிக்கனமாக இருக்கட்டும் என்று டாங்கியில் கலந்து வந்த மண்ணெண்ணெயைக் கண்டுபிடித்து, அவரைச் சாலை வரைக்கும் ஸ்பானரோடு துரத்தினார். எல்லாம் ஆயிற்று. பட்டறையைச் சுற்றி ஓட்டினால் வண்டி பூனை மாதிரி போகும். ஓடைக்கரைப்பட்டிக்குத் திரும்பினால் கொதிக்கும்.

"என்கிட்ட நிக்கும்போது தங்கமா ஓடுது. உங்ககிட்ட வந்தா ஏன்யா இப்படிப் பண்ணுது?" என்று பாய் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. வண்டியின் மூக்கில், ரேடியேட்டருக்கு முன்னால், நாலடிக்கு மூன்றடி தகரப்பலகை ஒன்றைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதில் தலைப்பாகையும் கையில் டிரம்பட்டுமாக ஐயாவின் படம். ஐயா முன்னால் போகாமல் செட் எங்கும் போவதில்லை. அந்தப் பலகையைத் தாண்டி ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாது. ஆனால் பட்டறைக்குப் போகும்போது மட்டும், ஐயா முகத்தில் கிரீஸ் பட்டால் பாவம் என்று, பலகையைக் கழற்றிப் பட்டுத்துணி சுற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஆகவே, காசிம் பாய் இரண்டு வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்ததே இல்லை. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவும் வழியில்லை.

பாயின் கேள்வியை நால்வரும் வீட்டுக்கு வந்து ஆராய்ந்தார்கள்.

"பாய்கிட்ட நல்லா ஓடுது. நம்மகிட்ட ஓடலை. அப்போ என்ன அர்த்தம்?" என்றார் ஞானமுத்து.

"வண்டிக்குப் பாய் மேல பயம்ணே," என்றான் கொண்டல்சாமி.

எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமான விஷயம் இரண்டு வருஷமாகப் புத்தியில் படவில்லையே என்ற வருத்தம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறைக்குப் போய், பாயின் பழைய சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினார்கள். கிரீஸ் படிந்து தானாக நிற்கக்கூடிய சட்டை. எதற்கு என்று பாய் கேட்கவில்லை. கேட்டு, அவர்கள் பதில் சொல்லி, அதை ராத்திரி முழுக்க நினைத்துக் கிடப்பதற்கு அவருக்குத் தெம்பில்லை. போகும்போது மட்டும் கூப்பிட்டு நிறுத்திப் புத்தி சொன்னார்.

"நாளைக்குக் கணவாய் ஏறணும். கவனமாப் போங்க. தட்டுற சத்தம் காதுல கேட்டுச்சுன்னா ஆக்ஸிலேட்டரை விட்டுக் காலை எடு. சூட்டு முள்ளு சிவப்புப் பக்கம் போகக் கூடாது. கொதிக்கிறப்போ ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும். முன்னாடி காத்துப் போற வழியை மறைக்காதீங்க. மேட்டுல நிறுத்தினா, பின்சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு கல்லை வைங்க. அவ்வளவுதான்."

தவசி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். 'அவ்வளவுதான்' என்பதையும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஐயாவுக்கு மாலை போட்டு, பலகையை வண்டியின் மூக்கில் வழக்கத்தைவிட இறுக்கமாகவே கட்டிக் கிளம்பினார்கள். முகூர்த்தம் பத்திலிருந்து பத்தரை. பூங்காவனத்தின் ஊரான சுனையூர் பதிமூன்று மைல். தவசி காசிம் பாயின் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, பாயின் குரலில், "ஏய், ஒழுங்கா ஓடு!" என்று அரை மைலுக்கு ஒருமுறை வண்டியை அதட்டினான்.

ஐந்தாவது மைலில் சூட்டு முள் மெல்ல எழுந்தது. அதட்டல் பலிக்கவில்லை.

"முள்ளு சிவப்புக்குப் போகக் கூடாதுன்னு எழுதியிருக்கு," என்று தவசி நோட்டைப் பார்த்துச் சொன்னான். அப்புறம், எழுதியிருக்கிற காரியத்தைச் செய்யாமல் இருப்பவன் இல்லையே, ஸ்பானரால் மீட்டர் கண்ணாடியைத் தட்டி உடைத்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, முள்ளைப் பச்சையிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இப்போ எப்படி இருக்கு?" என்று பின்சீட்டிலிருந்து ஞானமுத்து கேட்டார்.

"அசையவே இல்லைண்ணே."

"அப்படிப் பிடி. இத்தனை நாளா முள்ளைப் பார்த்துக்க ஒரு ஆள் இல்லாததுதான் குறை."

ஏழாவது மைலில் வண்டி ஆவி கக்கி நின்றது. முள் பச்சையில்தான் இருந்தது.

இறங்கினார்கள். மூடியைத் திறக்கக் கூடாது என்பதால் யாரும் திறக்கவில்லை. அரை மணி நேரம் ஆனதும் ஆவி அடங்கியது. மாசிலாமணி தண்ணீர்க் குடத்தோடு வந்தான்.

"எதுக்கு மாப்ளே தண்ணி?" என்று கொண்டல்சாமி தடுத்தான்.

"ரேடியேட்டர்ல ஊத்த."

"ஆறிப்போச்சே. ஆறினதுக்கு எதுக்குத் தண்ணி? சூடா இருக்கிறதுக்குத்தானே தண்ணி வேணும்?"

"சூடா இருக்கிறப்போ திறக்கக் கூடாதுன்னு பாய் சொல்லிட்டாரே?"

"அதனாலதான் சொல்றேன். தேவைப்படுறப்போ திறக்கக் கூடாது. திறக்கலாம்னு வர்றப்போ தேவைப்படாது. அந்த மூடி நம்ம தொடுறதுக்கே இல்லை."

மாசிலாமணி குடத்தை இறக்கி வைத்தான். பட்டறைக்கு வெளியே இரண்டு வருஷமாக அந்த மூடி திறக்கப்படாததற்கு இப்படி ஒரு தர்க்கம் இருந்தது என்பதை நாம் தெரிந்துகொண்டால் போதும். மறுத்துப் பேசி ஜெயிக்க முடியாது. கொண்டுவந்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று நால்வரும் குடித்தார்கள்.

"இது உடம்புச் சூடு மாதிரிதான்," என்றார் ஞானமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு. "எனக்குப் போன கோடையில கண்ணெல்லாம் எரிஞ்சுது. வெந்தயத்தை அரைச்சு வச்சு, நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன். மறுநாள் சரியாப்போச்சு."

கல்யாணத்துக்குக் கொண்டுபோன சீரில் ஒரு டின் நல்லெண்ணெய் இருந்தது. அதை எடுத்து பானெட்டின் உச்சியிலிருந்து ஆரம்பித்து, இரண்டு ஹெட்லைட்டும் கண் என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாக, அரக்கித் தேய்த்தார்கள். ஐயா படத்துக்கும் தேய்த்தார்கள். அவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? மணி எட்டே முக்கால்.

வண்டி மறுபடி கிளம்பியது. தாளித்த வாசனையோடு மூன்று மைல் போய்க் கணவாய் அடிவாரத்தை அடைந்தது. மேடு ஆரம்பித்ததும் உள்ளேயிருந்த ஆள் ஆணி அடிக்க ஆரம்பித்தான். டிக் டிக் டிக் டிக்.

"சத்தம் கேட்டா காலை எடு!" என்று தவசி படித்தான்.

மாசிலாமணி காலை எடுத்தான். சத்தம் நின்றது. வண்டியும் நின்றது, நின்று, பின்னால் உருண்டது. மிதித்தான். முன்னால் போனது, சத்தம் கேட்டது. எடுத்தான். பின்னால் உருண்டது. இப்படிக் கணவாயின் முதல் நூறு கஜத்தை அவர்கள் பதினோரு தடவை ஏறினார்கள். பூங்காவனம் பந்தல் வாசலில் நின்று சாலையைப் பார்ப்பது போலவே மாசிலாமணிக்குத் தெரிந்தது.

"தவசி, சரியாப் படிடா. என்ன எழுதியிருக்கு?"

"தட்டுற சத்தம் காதுல கேட்டுச்சுன்னா, காலை எடு."

"கேட்டாத்தானே?" என்றான் கொண்டல்சாமி. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பெரிய டிரம்மை மடியில் தூக்கி வைத்து, ஓங்கி ஒரு அடி அடித்தான். ஞானமுத்து கிளாரினெட்டை எடுத்தார். தவசி ஒரு கையால் முள்ளைப் பிடித்தபடி மறு கை ஜால்ராவைக் கதவில் மோதினான். மாசிலாமணி ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் டிரம்பட். ஊர்வலத்துக்கு வாசிக்கும் உருப்படியை உச்சத்தில் எடுத்தார்கள். இஞ்சின் தட்டுவது ஒரு துளியும் கேட்கவில்லை. மிதித்த காலை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அரைக் கணவாய் வரை அப்படியே போனார்கள். எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர், இப்படி ஒரு மேக மண்டலம் மேளதாளத்தோடு மலையேறி வருவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். மேகம் அவர் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளேயிருந்து நால்வர் இருமிக்கொண்டு இறங்கினார்கள். தவசி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தான்.

கிழவர் வேடிக்கை பார்க்க வண்டியின் முன்னால் வந்தார்.

"பெரியவரே, தள்ளி நில்லுங்க!" என்று ஞானமுத்து கத்தினார். "முன்னாடி காத்துப் போற வழியை மறைக்கிறீங்க!"

கிழவர் பயந்து நகர்ந்தார். அவருடைய வெள்ளாடு ஒன்று நகராமல் நின்றது. கொண்டல்சாமி அதையும் விரட்டினான். அந்த நால்வரும் இறங்கியதிலிருந்து வண்டியின் முன்பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை, அவ்வளவு கட்டுப்பாடு.

கிழவர் தகரத்தையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்ப்பா, நான் படிக்காதவன். காத்துக்கு வழி விடணும்னா, அந்தத் தகரத்தை அவுத்துட்டா என்ன?"

நால்வருக்கும் முகம் செத்துவிட்டது.

"ஐயா மறைக்கிறாருன்னா சொல்றீங்க?" என்றார் ஞானமுத்து. "உசுரோட இருந்தப்பவே அவர் ஒருத்தர் வழியை மறைச்சதில்லை."

"நல்லவராத்தான் இருந்திருப்பார். இப்போ தகரமால்ல இருக்கார்?" என்று சொல்லிவிட்டு, கிழவர் ஆடுகளோடு இறங்கிப் போய்விட்டார். இந்தக் கதையில் புத்தியோடு வருகிற ஒரே ஆள் அவர்தான். அவருக்கும் கூடுதல் நேரம் கொடுக்க வழியில்லை.

மணி ஒன்பதரை. மாசிலாமணி ஐயாவின் முன்னால் போய் நின்றான். நல்லெண்ணெய் வழிய ஐயா அவனையே பார்த்தார். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயா, எனக்குப் பூங்காவனம் வேணுங்கய்யா. அவ இல்லாம வீடு வீடா இல்லை. கோவிச்சுக்காதீங்க," என்று சத்தமாகவே சொல்லி அழுது, கட்டுக்கம்பியை அவிழ்த்தான். கணவாய்க் காற்று குபுகுபுவென்று ரேடியேட்டருக்குள் புகுந்தது. பத்து நிமிஷத்தில் சூடு தணிந்தது. ஸ்டார்ட் செய்தான். வண்டி பூனை மாதிரி உறுமியது. தட்டல் இல்லை. காசிம் பாய் பட்டறையில் கேட்ட அதே சத்தம்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். இவர்கள் இல்லாத வேறு நாலு பேராக இருந்தால் முடிந்திருக்கும்.

"ஐயா முன்னாடி போகாம செட் எப்படிப் போகும்?" என்று கொண்டல்சாமி கேட்டான்.

நியாயமான கேள்வி. ஐயா முன்னால் போகவும் வேண்டும், காற்றை மறைக்கவும் கூடாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தவசி பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பத்தடி முன்னால் நடப்பது. வண்டி பின்னால் வருவது. தவசிக்கு முழங்கால் வலி. வண்டி அவன் நடைக்கு ஏற்றபடி, கிழவர்கள் தேர் பார்க்கப் போகிற வேகத்தில், முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறியது. அந்த வேகத்தில் காற்று எங்கே வரும்? உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் நாலடி இறங்கியதும் மறுபடி ஆவி வந்து நின்றுவிட்டது.

மணி பத்து. கீழே சுனையூர் தெரிந்தது. உச்சியிலிருந்து பூங்காவனம் வீட்டுப் பந்தல் வரைக்கும் கோடு கிழித்த மாதிரி ஒரே இறக்கம். வாழைமரம் தெரிந்தது. மேளச் சத்தம்கூடக் கேட்டது.

மாசிலாமணி கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினான். காற்றை மறைக்காமல் எல்லோரும் வண்டியின் பின்னால் கூடினார்கள். தவசி மட்டும் பலகையை வைத்துக்கொண்டு தவித்தான்.

"ஐயாவை எங்கே வைக்கிறது? முன்னாடி வச்சா காத்து. பின்னாடி வச்சா மரியாதை இல்லை."

"என் சீட்டு காலியாத்தானே இருக்கு? அதுல உக்கார வை," என்றான் மாசிலாமணி.

தவசி டிரைவர் சீட்டில் ஐயாவைச் சாய்த்து உட்கார வைத்தான். அப்புறம் பாய் சொன்னபடி ஒரு பெரிய கல்லைத் தேடி எடுத்து, பின்சக்கரத்துக்குப் பின்னால் அழுத்தி வைத்தான். இறக்கத்தில் நிற்கிற வண்டிக்கு, பின்னால்.

வண்டி ஒரு நிமிஷம் மரியாதைக்காக நின்றது. பிறகு மெல்ல உருண்டது.

"ஐயோ, போகுது! பிடிங்கடா!" என்று கொண்டல்சாமி பாய்ந்தான்.

"தொடாதே!" மாசிலாமணி அலறிய அலறலில் கொண்டல்சாமி ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். "தொடாதீங்கடா யாரும்! தவசி, அவ என்ன சொன்னா? படி!"

தவசி ஓடிக்கொண்டே நோட்டைப் புரட்டினான். "ஒருத்தரும் தள்ளாம... அந்த வண்டி... தானா ஓடிவந்து..."

"தானா! தானாத்தானே போகுது? கை பட்டுச்சுன்னா தள்ளினதா ஆகிரும். எல்லாரும் கையைத் தூக்குங்க!"

நால்வரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, யாருக்கும் சந்தேகம் வராதபடி பத்தடி இடைவெளி விட்டு, வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். வண்டி நேராகப் போனது. மாசிலாமணி ஓட்டி அது ஒருநாளும் இவ்வளவு நேராகப் போனதில்லை. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர், கண்ணாடிக்குள் டிரம்பட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்.

பந்தலில் ஐயர் மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் தொட்டுக் கும்பிடக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் பூங்காவனம். அவள் காலையிலிருந்து அங்கேதான் நின்றாள். வரமாட்டான் என்று வாய் சொன்னாலும், வந்துவிட மாட்டானா என்றுதான் அவளுக்கும் இருந்தது. சாலையில் வண்டி தெரிந்தது. சத்தமில்லை. தட்டல் இல்லை. ஒரு பொட்டு ஆவி இல்லை. இரண்டு வாழைமரத்துக்கும் நடுவில் புகுந்து, பந்தக்காலுக்குக் கொட்டி மிச்சமிருந்த மணல் குவியலில் மூக்கைச் செருகி, பணிவாக நின்றது. டிரைவர் சீட்டில், செத்து இரண்டு வருஷமான அவள் மாமனார்.

கூட்டம் எழுந்து நின்றது. பூங்காவனத்தின் அம்மா சம்பந்தி வந்துவிட்டாரே என்று பதறி, சந்தனக் கிண்ணத்தை எடுக்க உள்ளே ஓடினாள்.

மாசிலாமணி தூக்கிய கைகளோடு வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது. "பூங்காவனம்... தள்ளலை... தொடவே இல்லை. ஊரைக் கேட்டுக்கோ."

அவன் உடம்பெல்லாம் தூசி, முகமெல்லாம் எண்ணெய். மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தான். பூங்காவனத்துக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு, "சொன்னது சொன்னதுதான். தாலி கட்டி முடியட்டும். சாப்பிட்டுக் கிளம்புவோம்," என்றாள்.

சாப்பாட்டுப் பந்தியில் நால்வரும் அடுத்தடுத்து உட்கார்ந்து, வண்டியின் வியாதியைக் கடைசியாக ஒருமுறை அலசினார்கள்.

"மேலேர்ந்து கீழே வர்ற வரைக்கும் ஒரு தடவைகூடத் தட்டலை," என்றார் ஞானமுத்து, பாயசத்தை அப்பளத்தில் தொட்டபடி.

"சூடும் ஏறலை. நான் முள்ளைப் பிடிக்கக்கூட இல்லை," என்றான் தவசி.

"நான் ஓட்டினா தட்டுது. ஐயா ஓட்டினா தட்டலை," என்று மாசிலாமணி மெல்ல எண்ணிப் பார்த்தான். "இஞ்சின் ஓடினா கொதிக்குது. ஓடாட்டி கொதிக்கலை. வண்டி மேல ஒரு குத்தமும் இல்லைடா. நாமதான் தேவையில்லாம ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அதைக் கெடுத்திருக்கோம்."

இரண்டு வருஷக் கேள்விக்கு விடை கிடைத்த நிம்மதியில் ஆளுக்கு இன்னொரு லட்டு வாங்கினார்கள்.

மூன்று மணிக்குப் பூங்காவனம் பெட்டியோடு வந்து வண்டியில் ஏறினாள். நால்வரும் பின்சீட்டுகளில் அவளோடு நெருக்கி உட்கார்ந்தார்கள். டிரைவர் சீட்டில் ஐயா.

"யாரு ஓட்டப்போறது?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"ஐயாதான். வரும்போது பார்த்தேல்ல?"

பூங்காவனம் இறங்கப் பெட்டியைத் தூக்கினாள். திரும்பக் கீழே வைத்தாள். தானாக ஓடி வந்தால் அதே வண்டியில் ஏறி உட்கார்ந்து வருகிறேன் என்று ஊர் அறியச் சொன்னவள் அவள்தான். இறங்கினால் சொன்ன சொல் போய்விடும். ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மகள் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்றதும் அம்மா வாசலுக்கு ஓடிவந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். "போயிட்டு வாம்மா!" பூங்காவனமும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். வண்டி கிளம்பவில்லை. வண்டி கிளம்பாமல், வழியனுப்ப வந்தவள் கையை எப்படி இறக்குவது? அம்மா ஆட்டிக்கொண்டே இருந்தாள். வலது கை ஓய்ந்ததும் இடது கை. நாலு மணிக்கு இரண்டு கையும் மரத்துப் போய், பெரியப்பா வந்து மாற்றிவிட்டார். ஐந்து மணிக்கு அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளேயிருந்து வந்து, வாசலில் நின்று, அரை மணிக்கு ஒருவராகக் கையை ஆட்ட ஆரம்பித்தார்கள்.